எழுத்தாளன் ஏறி இறங்க எத்தனை வாசல்கள்?

பெரிய பதிப்பகம் சிறிய பதிப்பகத்தை விழுங்குவதும், அவ்வாறு விழுங்கியதை அதனினும் பெரியதொன்று விழுங்குவதும் இலக்கிய வாசகர்களாகிய நமக்குப் புதிய செய்தியன்று. புத்தகத்தின் முதுகில் உள்ள சின்னம் மாறாமல் இருக்கும். அதற்குப் பின்னால் உள்ள உரிமையாளர் மாறியிருப்பார். வணிகப் பக்கத்துச் செய்தி என்று அதை ஒதுக்கிவிட்டு நாம் நாவலைத் தொடர்ந்து படிப்போம். அப்படி ஒதுக்கிவிட முடியாது என்று உணர்த்திய வழக்கு ஒன்று 2022ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்து முடிந்தது. பெருநிறுவனங்களின் ஆதிக்கத்தை அரசு கட்டுப்படுத்த வேண்டுமா, கட்டுப்படுத்த முடியுமா என்ற பழைய கேள்வி அதில் இலக்கியத்தின் வாசலுக்கே வந்து நின்றது. ஆகவே அதைச் சற்று விரிவாகப் பேச விரும்புகிறோம்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுவோம். உலகின் மிகப் பெரிய வெகுஜனப் பதிப்பு நிறுவனமான பெங்குயின் ராண்டம் ஹவுஸ், அமெரிக்காவின் ஐந்து பெரும் பதிப்பகங்களுள் இன்னொன்றான சைமன் அண்ட் ஷுஸ்டரை 217.5 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக 2020 நவம்பரில் அறிவித்தது. ஓராண்டு கழித்து, 2021 நவம்பர் 2ஆம் தேதி, அமெரிக்க நீதித்துறை அமைச்சகம் இந்த இணைப்பைத் தடுக்கக் கோரி வாஷிங்டன் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2022 ஆகஸ்ட் மாதம் மூன்று வாரங்கள் விசாரணை நடந்தது. எழுத்தாளர்களும் இலக்கிய முகவர்களும் பதிப்பகத் தலைவர்களும் கூண்டேறிச் சாட்சி சொன்னார்கள். அக்டோபர் 31ஆம் தேதி, நீதிபதி புளோரன்ஸ் பான் இணைப்புக்குத் தடை விதித்தார். மேல்முறையீட்டுக்கு வழியின்றி ஒப்பந்தம் முறிந்தது. முறிவுக் கட்டணமாக பெங்குயின் ராண்டம் ஹவுஸ் 20 கோடி டாலர் செலுத்தியது. அதன் தலைமைச் செயல் அதிகாரி மார்க்கஸ் டோலே அதே ஆண்டு டிசம்பரில் பதவி விலகினார்.

வாங்க வந்தவரின் வம்சாவளியையும் பார்த்துவிடுவது நல்லது. 1927இல் இரண்டு நண்பர்கள், மற்ற வேலைகளுக்கிடையே மனம்போன போக்கில் சில புத்தகங்களை வெளியிடலாம் என்று தொடங்கியது ராண்டம் ஹவுஸ்; அதன் பெயரே அந்த அலட்சியத்தின் பெயர்தான். 1935இல் ஆலன் லேன் மலிவு விலையில் நல்ல புத்தகம் என்ற கனவோடு தொடங்கியது பெங்குயின். முதலாவது நிறுவனம் கைமாறிக் கைமாறி 1998இல் பெர்டல்ஸ்மான் என்ற ஜெர்மானியக் குழுமத்திடம் சேர்ந்தது. 2013இல் இரண்டும் ஒன்றாயின. அப்போது அமெரிக்க அரசு வாய் திறக்கவில்லை. 2020இல் இந்த ஒன்றான நிறுவனம் முழுவதும் பெர்டல்ஸ்மானின் உடைமையாயிற்று. 1924இல் குறுக்கெழுத்துப் புதிர்ப் புத்தகம் போட்டுப் பிழைக்கத் தொடங்கிய சைமன் அண்ட் ஷுஸ்டர், இந்த வரிசையில் அடுத்ததாகச் சேரவேண்டியது.

2013இல் பேசாமல் இருந்த அரசு 2021இல் ஏன் பேசியது? இதற்கு விடை காணச் சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டும்.

ஏகபோகத்துக்கு எதிரான அமெரிக்கச் சட்டத்தின் கதையில் ஒரு பத்திரிகைக்கும் ஓர் எழுத்தாளருக்கும் பெரும்பங்கு உண்டு என்பதை நம் வாசகர்கள் விரும்புவார்கள். ஷெர்மன் சட்டம் 1890இல் வந்துவிட்டது. ஆனால் ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம் நாட்டின் எண்ணெய்ச் சுத்திகரிப்பில் சுமார் 90 விழுக்காட்டைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. 1902 நவம்பரில் மெக்ளூர்ஸ் என்ற மாத இதழில் ஐடா டார்பெல் அந்நிறுவனத்தின் வரலாற்றைத் தொடராக எழுதத் தொடங்கினார். பென்சில்வேனியாவில் சிறு எண்ணெய் உற்பத்தியாளராக இருந்து ராக்ஃபெல்லரின் சூழ்ச்சிகளால் நொடித்துப்போனவர்களின் நடுவே வளர்ந்தவர் அவர். அவருடைய தந்தையும் அத்தகைய சிறு உற்பத்தியாளரே. கோபத்தை அடக்கிக்கொண்டு, ஆவணங்களை மட்டும் அடுக்கி அவர் எழுதினார். ரயில்வே நிறுவனங்களோடு செய்துகொண்ட ரகசியக் கட்டணச் சலுகைகள் எப்படிப் போட்டியாளர்களை ஒழித்தன என்று ஊர் முழுக்கத் தெரிந்தது. 1906இல் அரசு வழக்குத் தொடுத்தது. 1911இல் உச்ச நீதிமன்றம் அந்நிறுவனத்தைப் பிரிக்க உத்தரவிட்டது. 34 நிறுவனங்களாக அது சிதறியது. 1914இல் கிளேட்டன் சட்டம் வந்தது. போட்டியைக் கணிசமாகக் குறைக்கக்கூடிய இணைப்பை அது நடந்தேறும் முன்னரே தடுக்கலாம் என்றது அது. 2022 வழக்கின் அடிப்படை இந்தச் சட்டமே.

டார்பெல்லின் காலத்தில் ஏகபோகம் என்றால் அதிகாரக் குவிப்பு என்று பொருள். சிறு உற்பத்தியாளன் நசுக்கப்படுவதே குற்றமாகக் கருதப்பட்டது. 1970களின் இறுதியில் இந்தப் பொருள் சுருங்கியது. ராபர்ட் போர்க் என்ற சட்ட அறிஞர் 1978இல் எழுதிய நூலும், சிகாகோ பொருளாதாரச் சிந்தனையும் சேர்ந்து ஒரே ஓர் அளவுகோலை நிலைநாட்டின. நுகர்வோர் நலன் என்பது அதன் பெயர்; நடைமுறையில் அது விலையையே பெரிதும் குறித்தது. கடையில் விலை ஏறவில்லையா? அப்படியானால் நிறுவனம் எவ்வளவு பெருத்தாலும் கவலையில்லை. இந்த அளவுகோலுடன்தான் நாற்பது ஆண்டுகள் நீதிமன்றங்கள் தீர்ப்பு எழுதின. புத்தகத்தின் விலை இரண்டு டாலர் ஏறுமா ஏறாதா என்று மட்டும் பார்க்கிற கண்ணுக்கு, அந்தப் புத்தகத்தை எழுதியவர் தென்படவே மாட்டார்.

2021 வழக்கு முக்கியமாவது இங்கேதான். புத்தக விலை ஏறும் என்பதை அரசு தன் வாதத்தின் மையமாக வைக்கவில்லை. எழுத்தாளருக்குக் கிடைக்கும் முன்பணம் குறையும் என்றது. விற்பவன் ஒருவனே என்றால் வாங்குபவன் பாடு திண்டாட்டம் என்பது நமக்குத் தெரியும். வாங்குபவன் ஒருவனே என்றால் விற்பவன் பாடும் அதேதான். ஊரில் ஒரே ஒரு நெல் வியாபாரி மட்டும் இருந்தால், களத்துமேட்டில் நெல்லைக் குவித்துவிட்டு அவன் சொல்லும் விலைக்குத் தலையாட்டுவதைத் தவிர விவசாயிக்கு வேறு வழியில்லை. அந்த ஊரில் அரிசி மலிவாகக்கூடக் கிடைக்கலாம். அதனால் அங்கே அநியாயம் நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியுமா? எழுத்தாளனும் ஒருவகையில் நெல்லைக் குவித்துவிட்டு நிற்பவன்தான். கைப்பிரதியைத் தூக்கிக்கொண்டு அவன் ஏறி இறங்க எத்தனை வாசல்கள் இருக்கின்றன என்பதே இந்த வழக்கின் கேள்வியாயிற்று.

அரசுத் தரப்பில் சாட்சி சொன்னவர்களில் ஒருவர் ஸ்டீபன் கிங். அவருடைய நூல்களை வெளியிடும் ஸ்கிரிப்னர், சைமன் அண்ட் ஷுஸ்டரின் பிரிவு. ஆக, தன் பதிப்பாளரின் விருப்பத்துக்கு எதிராகவே அவர் கூண்டேறினார். ஒரே நிறுவனமாகிவிட்ட இரண்டு பதிப்பகங்கள் ஒரு நூலுக்காக ஒன்றோடொன்று ஏலத்தில் போட்டியிடும் என்பது, கணவனும் மனைவியும் ஒரே வீட்டுக்குத் தனித்தனியே விலை கேட்பதைப் போன்றது என்ற பொருளில் அவர் சொன்னபோது நீதிமன்றத்தில் சிரிப்பெழுந்தது. அவருடைய வாழ்க்கையே இவ்வழக்குக்கு ஓர் ஆவணம். 1974இல் வெளியான அவருடைய முதல் நாவல் ‘கேரி’க்கு டபுள்டே பதிப்பகம் கொடுத்த முன்பணம் 2,500 டாலர். அதன் மலிவுப் பதிப்பு உரிமையை நியூ அமெரிக்கன் லைப்ரரி 4,00,000 டாலருக்கு வாங்கியது. அந்நாளைய வழக்கப்படி பாதி அவருக்கு வந்தது. பள்ளி ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளரானார். முதலில் ஒருவரும், பிறகு இன்னொருவரும் இருந்ததால் விளைந்த வாழ்வு அது. அந்த இருவருமே பின்னாளில் பெங்குயின் ராண்டம் ஹவுஸின் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்தார்கள் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும்.

எதிர்த்தரப்பு வாதங்களையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். பதிப்புத் தொழில் ஒரு சூதாட்டம், எந்தப் புத்தகம் ஓடும் என்று யாராலும் கணிக்க முடியாது, எனவே பெரிய நிறுவனத்தாலும் எழுத்தாளரை அடக்கியாள முடியாது என்றார் டோலே. இணைந்த பிறகும் சைமன் அண்ட் ஷுஸ்டர் ஏலங்களில் தனித்துப் போட்டியிட அனுமதிப்போம் என்று முகவர்களுக்கு வாக்குறுதியும் அளித்திருந்தார். வெற்றிபெறும் நூல்களின் லாபம்தான் விற்காத நல்ல நூல்களைத் தாங்குகிறது, பெரிய வீட்டில் அதற்கு இடம் அதிகம் என்ற வாதமும் இந்தத் தொழிலில் நெடுநாளாக உண்டு.

நீதிபதி இந்த வாக்குறுதியை ஏற்கவில்லை. தாமாகக் கொடுத்த வாக்கைத் தாமாகவே எடுத்துவிடலாம். அதைக் காப்பாற்றச் செய்ய யாருக்கும் அதிகாரமில்லை என்பது அவர் கருத்து. 2,50,000 டாலரும் அதற்கு மேலும் முன்பணம் பெறும் நூல்களை மட்டும் ஒரு தனிச் சந்தையாக அவர் எடுத்துக்கொண்டார். அதில் ஐந்து பெரும் பதிப்பகங்களின் பங்கு 91 விழுக்காடு. இணைந்த நிறுவனத்தின் பங்கு மட்டும் 49 விழுக்காடாக இருக்கும். கிட்டத்தட்டப் பாதிச் சந்தை ஒரே கையில் என்றால் போட்டி குறையும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

பெரிய வீட்டின் நிழலில் நல்ல இலக்கியம் வாழும் என்ற வாதத்துக்கு விடை ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. ராண்டம் ஹவுஸின் உள்ளே பாந்தியன் என்ற சிறந்த பதிப்பகப் பிரிவை நடத்திய ஆந்த்ரே ஷிஃப்ரின், லாபம் போதவில்லை என்ற நெருக்கடியில் 1990இல் வெளியேற நேர்ந்தது. 2000இல் வெளியான தம் நூலில் அவர் இந்த மாற்றத்தைப் பதிவு செய்தார். நூற்றுக்கு மூன்று நான்கு லாபத்தில் நிறைவு கண்ட தொழிலிடம், குழும முதலாளிகள் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு எதிர்பார்க்கத் தொடங்கினர். மெதுவாக விற்கும் நூல்களுக்கு அதன் பிறகு இடமில்லாமல் போயிற்று. மரம் பெரிதுதான். ஆனால் அதன் நிழலில் எது முளைக்கலாம் என்பதைக் கணக்காளர் தீர்மானிக்கத் தொடங்கினார்.

தீர்ப்பை நாம் வரவேற்கிறோம். எனினும் அதைப் பார்த்து மகிழ்ந்துபோய் உட்கார்ந்துவிடவும் நம்மால் இயலவில்லை. மூன்று காரணங்கள் உண்டு.

ஒன்று, நீதிமன்றம் வரைந்த அந்தக் கோடு. 2,50,000 டாலர் முன்பணம் பெறுகிறவர்கள் மிகச் சிலர். பதிப்பகங்கள் வாங்கும் நூல்களில் இத்தகையவை நூற்றுக்கு இரண்டே. முன்பணச் செலவில் 70 விழுக்காடு இவற்றுக்கே போகிறது என்பதால் சட்டத்தின் பார்வையில் இதுவே பெரிய சந்தை. தீங்கை எண்ணிக்காட்ட முடிந்த இடத்தில்தான் அரசு வழக்காட முடியும், அதில் பிழையில்லை. பல ஆண்டு ஆய்வு தேவைப்படும் வரலாற்று நூலுக்கோ வாழ்க்கை வரலாற்றுக்கோ அத்தகைய முன்பணமே சோறு போடுகிறது என்பதும் உண்மை. ஆயினும் மிச்சமுள்ள 98 பேர்? முதல் சிறுகதைத் தொகுதியுடன் வருகிறவர், கவிஞர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோர் அந்தத் தீர்ப்பின் கணக்கில் வரவில்லை. அவர்களுக்கும் வாசல் குறைகிறது. அந்தக் குறைவை அளக்க எந்த நிபுணரிடமும் கோலில்லை.

இரண்டு, இதே சட்டம் பத்து ஆண்டுகளுக்கு முன் வேறு திசையில் பாய்ந்தது. 2007இல் கிண்டில் கருவியைக் கொண்டுவந்த அமேசான், புதிய நூல்களின் மின்பதிப்பை 9.99 டாலருக்கு, பல சமயம் நஷ்டத்திலேயே விற்று, மின்நூல் சந்தையில் ஏறக்குறைய 90 விழுக்காட்டைப் பிடித்தது. அஞ்சிய பதிப்பகங்கள் 2010இல் ஆப்பிள் நிறுவனத்துடன் சேர்ந்து விலையைத் தாமே நிர்ணயிக்க ஏற்பாடு செய்தன, விலை 12.99, 14.99 என்று ஏறியது. 2012 ஏப்ரலில் அரசு வழக்குத் தொடுத்தது. ஆப்பிள் மீதும் ஐந்து பதிப்பகங்கள் மீதும்தான், அமேசான் மீதன்று. பதிப்பகங்கள் சமரசம் செய்துகொண்டன. 2013இல் ஆப்பிள் குற்றம் செய்ததாகத் தீர்ப்பாயிற்று. இறுதியில் அது 45 கோடி டாலர் கட்டியது. கூடிப்பேசி விலை வைப்பது சதி. சட்டப்படி தீர்ப்பில் குறை காண்பதற்கில்லை. அந்தப் பழைய சதியை, இவர்கள் மீண்டும் கைகோக்கக்கூடும் என்பதற்கு அடையாளமாக 2022 தீர்ப்பும் எடுத்துக்காட்டியது. ஆனால் விலையை மட்டும் பார்த்த சட்டம், சந்தையில் யானையை விட்டுவிட்டு அதைக் கண்டு மிரண்டோடியவர்களைப் பிடித்தது என்றே நமக்குத் தோன்றுகிறது. 2014இல் அசெட் பதிப்பகத்துடன் ஏற்பட்ட தகராறில் அமேசான் அந்தப் பதிப்பகத்தின் நூல்களைத் தாமதமாக அனுப்பியும், முன்பதிவை நிறுத்தியும் நெருக்கியபோது, தகராறில் சம்பந்தமே இல்லாத எழுத்தாளர்கள் அடிபட்டார்கள். அமேசான் மீது கூட்டாட்சி வணிக ஆணையம் ஏகபோக வழக்குத் தொடுக்க 2023 செப்டம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது.

மூன்று, தடுக்கப்பட்ட மணப்பெண் யார் வீட்டுக்குப் போனாள் என்பது. 2023இல் சைமன் அண்ட் ஷுஸ்டரை 162 கோடி டாலருக்கு வாங்கியது கேகேஆர் என்ற தனியார் முதலீட்டு நிறுவனம். அது பதிப்பகம் அன்று. கம்பெனிகளைக் கடன் வாங்கி வாங்கி விற்பதில் பேர்போன நிறுவனம். அது பங்குதாரராக இருந்த டாய்ஸ் ஆர் அஸ் பொம்மைக்கடைத் தொடர் கடன் சுமையில் மூழ்கி 2018இல் அமெரிக்காவில் கடையைக் கட்டியது. போட்டிச் சட்டத்துக்கு இதில் ஆட்சேபமில்லை. வாசல்களின் எண்ணிக்கை ஐந்தாகவே இருந்தது. வாசலுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவர் புத்தகம் படிப்பவரா, வட்டிக் கணக்குப் பார்ப்பவரா என்று கேட்க அச்சட்டத்துக்கு அதிகாரமில்லை.

இதெல்லாம் எங்கோ நடக்கும் கதை என்று நாம் இருந்துவிட முடியாது. அந்த வழக்கு நடந்த அதே 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில், வெஸ்ட்லேண்ட் பதிப்பகத்தை மூடப்போவதாக அமேசான் அறிவித்தது. ஈஸ்ட் வெஸ்ட் புக்ஸ் என்ற பெயரில் சென்னையில் வேர்விட்டு வளர்ந்த நிறுவனம் அது. டாடா குழுமத்திடமிருந்து அமேசான் 2016 முதல் படிப்படியாக வாங்கியிருந்தது. பெருமாள்முருகனின் ‘பூனாச்சி’ ஆங்கிலத்தில் வெளியானது அதன் வழியாகத்தான். அறிவிப்பைக் கேட்ட வாசகர்கள், நூல்கள் காணாமல் போவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று ஓடினார்கள். எழுத்தாளர்கள் தங்கள் புத்தகம் என்னவாகும் என்று தெரியாமல் திகைத்து நின்றார்கள். நல்லவேளையாக, சில மாதங்களில் பிரதிலிபி என்ற இந்திய நிறுவனம் கைகொடுத்ததால் அந்தக் குழுவும் பெயரும் பிழைத்தன. இந்தியாவில் 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் இருக்கிறது; போட்டி ஆணையம் இருக்கிறது. ஆனால் ஒரு நிறுவனத்தை வாங்குவதைத்தான் அத்தகைய சட்டம் கேள்வி கேட்கும். வாங்கிய பின் மனமில்லை என்று மூடுவதைக் கேட்காது.

அப்படியானால் இந்தச் சட்டங்களால் என்ன பயன் என்ற சலிப்பு எழலாம். சந்தையே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், அரசு தலையிட வேண்டாம் என்பார் ஒரு சாரார். முதலாளித்துவத்தில் ஐந்து முதலாளியானால் என்ன, நான்கானால் என்ன என்பார் இன்னொரு சாரார். இரண்டும் நமக்கு உடன்பாடில்லை. சந்தை தானாகச் சென்ற பாதை, முதலில் பல நூறாக இருந்ததை ஐந்தாக்கிய பாதை. நான்குக்கும் ஐந்துக்கும் வேறுபாடில்லை என்று சொல்கிறவர், நான்கு இடங்களில் திருப்பி அனுப்பப்பட்ட கைப்பிரதியுடன் ஐந்தாவது படியில் நின்றதில்லை.

போட்டிச் சட்டம் இலக்கியத்தைக் காப்பாற்றாது. அது அதன் வேலையும் அன்று. ஒரு மறுப்புக்குப் பிறகு இன்னோர் இடம் இருக்கும்படி பார்த்துக்கொள்வதே அதனால் ஆகக்கூடியது. 2022 தீர்ப்பு அந்தச் சிறிய வேலையைச் செய்தது. அதைவிட முக்கியமாக, விலைச்சீட்டுக்குப் பின்னால் உழைத்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதை நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு சட்டத்துக்கு நினைவூட்டியது. 2023 டிசம்பரில் அமெரிக்க அரசு வெளியிட்ட இணைப்பு வழிகாட்டு நெறிகளில், வாங்குவோரிடையே போட்டி குறைவதும் தீங்கே என்று வெளிப்படையாக எழுதப்பட்டது. எழுத்தாளருக்கு மட்டுமன்றி, கறிக்கோழி வளர்ப்பவருக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் சேர்த்து எழுதப்பட்டது அது.

சட்டத்தின் கண்ணுக்குப் படாத சிறு பதிப்பகங்களையும் சிற்றிதழ்களையும், இருக்கும் வரை இருக்கச் செய்ய வேண்டியவர்கள் வாசகர்களாகிய நாம்தான். மலிவாகவும் விரைவாகவும் வீட்டுக்கே வரும் ஒரே கடையில் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டே ஏகபோகத்தைக் கண்டிப்பதில் நமக்கே சற்றுக் கூச்சம் வரவேண்டும். ஐடா டார்பெல்லின் தொடரைக் காசு கொடுத்து மாதாமாதம் வாங்கிப் படித்த வாசகர்கள் இருந்ததால்தான் அந்த வழக்குக்கு ஊரின் துணை கிடைத்தது என்பதையும் மறந்துவிடலாகாது.